கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ்ல மொத்த ஆபீஸையும் ஏத்தலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் பக்கம் சின்ன ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஆடிட்டர் ஆபீஸ், கல்யாண ஸ்டூடியோ, கம்ப்யூட்டர்ல கேட் (CAD) டிராயிங் போடுற ஒர்க்‌ஷாப், இவங்கதான் என் கஸ்டமர்ஸ். ஆபீஸ் ஃபைல் மொத்தத்தையும் சிங்க் சர்வீஸ்ல (மெஷின்ல இருக்கிற ஃபைலும் நெட்ல, அதாவது கிளவுடுல, இருக்கிற காப்பியும் எப்பவும் ஒண்ணாவே இருக்கும்படி பார்த்துக்கிறது) வெச்சுடலாமான்னு எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேட்கிறாங்க, போன்ல திரும்பத் திரும்ப சொல்லி வாய் வலிக்குது, அதனால எழுதி வெச்சுட்டேன், இனிமே யாராவது கேட்டா லிங்க் அனுப்பிட்டு டீ குடிக்கப் போயிடுவேன்.

2 டிபி பிளான் வாங்கிட்டேன், என்கிட்ட இருக்கிறது 600 ஜிபி தான். அப்புறம் ஏன் மூணு நாளா "சிங்க் ஆகிட்டிருக்கு"ன்னே சுத்திட்டு இருக்கு?

ஜிபிய விடுங்க, எத்தனை ஃபைல் இருக்குன்னு பாருங்க. ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனா எண்ணிக்கை வரும். ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அப்படிப் பார்த்தப்ப 11 லட்சம் ஃபைல் வந்துச்சு, அவருக்கே அதிர்ச்சி. பதினஞ்சு வருஷ பில் ஸ்கேன், ஒவ்வொரு பக்கமும் தனித்தனி ஜேபெக், வேற எப்படி இருக்கும்.

ஒன்டிரைவுக்கு மைக்ரோசாஃப்ட்டே சொல்ற அளவு, சிங்க் பண்ற எல்லா லைப்ரரியும் (ஃபைல் வெக்கிற பெரிய ஃபோல்டர் தொகுப்பு) சேர்த்து 3 லட்சம் ஃபைல். இதுல ஒரு உள்குத்து இருக்கு, நீங்க பாதி ஃபோல்டரை மட்டும் செலக்ட் பண்ணி சிங்க் பண்ணாலும் அந்த லைப்ரரிக்குள்ள மொத்தமா 3 லட்சத்துக்கு மேல இருந்தா ஸ்லோ ஆகலாம்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. டிராப்பாக்ஸும் ரொம்ப காலமா இதே 3 லட்சத்தைத்தான் சொல்லிட்டு இருந்துச்சு. கூகுள்ல ஷேர்டு டிரைவ் (ஆபீஸ் மொத்தத்துக்கும் பொதுவான டிரைவ்) ஒண்ணுக்கு 5 லட்சம் ஐட்டம், அதுல ஃபோல்டரும் கணக்கு, ஷார்ட்கட்டும் கணக்கு.

ஏன் இப்படின்னா, சிங்க் சாஃப்ட்வேர் உங்க மெஷின்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி எழுதி ஒரு நோட்டு மாதிரி வெச்சிருக்கும், பேர் என்ன, எப்ப மாறுச்சு, மேல இருக்கிறதும் இதுவும் ஒண்ணா அப்படின்னு, மெஷின் ஆன் ஆகும்போதெல்லாம் அந்த நோட்டை முழுசா சரிபார்க்கணும். 11 லட்சம் வரிய 8 ஜிபி ரேம் இருக்கிற லேப்டாப் காலைல 9 மணிக்கு சரிபார்க்க ஆரம்பிச்சா ஃபேன் சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேட்கும். அப்புறம் ஒவ்வொரு குட்டி ஃபைலுக்கும் சர்வர்கூட தனியா பேசணும், அதனால 10 கேபி ஃபைல் ஒரு லட்சம் ஏத்துறது, 1 ஜிபி ஃபைல் ஒண்ணே ஒண்ணு ஏத்துறதை விட பல மடங்கு நேரம் எடுக்கும். அளவு என்னமோ ரெண்டும் ஒண்ணுதான்.

கூகுள் 2023 ஆரம்பத்துல ஒரு அக்கவுண்ட்டுக்கு 50 லட்சம் ஃபைல்னு சொல்லாம கொள்ளாம ஒரு லிமிட் போட்டுச்சு, கத்துனாங்க, ஏப்ரல்ல வாபஸ் வாங்கிட்டாங்க. சொல்ல வர்றது என்னன்னா கம்பெனிங்க எண்ணிக்கைக்குத்தான் பயப்படுறாங்க, ஆனா விளம்பரத்துல டிபி மட்டும்தான் பெருசா இருக்கும்.

நெட் 300 எம்பிபிஎஸ் போட்டிருக்கேன். இனி வேகம் பிரச்சனை இல்லையே?

முதல்ல அது டவுன்லோடா அப்லோடான்னு கேளுங்க. நம்ம ஊர் கேபிள்காரர் தர்ற லைன்ல பல தடவை அப்லோடு பாதி கூட இருக்காது. 600 ஜிபிய 40 எம்பிபிஎஸ் அப்லோடுல ஏத்தணும்னா இடையில ஒரு நொடி கூட நிக்காம ஓடுனா 33 மணி நேரம், கரண்ட் கட் எல்லாம் சேர்த்தா நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

நிஜமாவே 300 அப்லோடு கிடைச்சாலும் கூகுள்ல ஒரு யூசர் ஒரு நாளைக்கு 750 ஜிபி வரைக்கும் தான் ஏத்த முடியும். 300ல ஏத்துனா அஞ்சரை மணி நேரத்துல அந்த 750 தீர்ந்துடும், அப்புறம் கோட்டா திறக்குற வரைக்கும் கைகட்டி உட்கார வேண்டியதுதான். ஒரு ஸ்டூடியோக்காரருக்கு முகூர்த்த சீசன்ல மூணு கேமரா 4கே ஃபுட்டேஜ், ரெண்டு கல்யாணத்துக்கு ஒரு டிபிய தாண்டிடுச்சு, ஞாயிறு ராத்திரி ஏத்த ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை வரைக்கும் இழுத்துச்சு.

இன்னொன்னு யாரும் யோசிக்கிறதில்ல. ஆபீஸ்ல அஞ்சு மெஷின், அஞ்சுலயும் முழு சிங்க்னா, ஒரு மெஷின் 600 ஜிபி மேல ஏத்தும், மத்த நாலும் ஆளுக்கு 600 கீழ இறக்கும், மொத்தம் 3000 ஜிபி. இங்க நிறைய ஃபைபர் பிளான்ல "அன்லிமிடெட்"னு போட்டுட்டு மாசம் 3300 ஜிபிக்கு மேல வேகத்தைக் குறைச்சுடுவாங்க, முதல் வாரத்துலயே கிட்டத்தட்ட காலி. பக்கத்து டேபிள்ல இருக்கிற ஃபைல் ஏதோ ஒரு நாட்டு டேட்டா சென்டர் வரைக்கும் போயிட்டு திரும்ப வருது, மூக்கைச் சுத்தித் தொடுற கதைதான். டிராப்பாக்ஸ்ல மட்டும் லேன் சிங்க்னு ஒரு வசதி இருக்கு, ஒரே நெட்வொர்க்ல இருக்கிற மெஷின்ல இருந்தே எடுத்துக்கும், அந்த ஒரு விஷயத்துக்காக அதை எனக்குப் பிடிக்கும்.

கணக்கு எழுதுற டேலியோட டேட்டா ஃபோல்டரை சிங்க் ஃபோல்டர்ல வெச்சா வீட்ல இருந்தும் என்ட்ரி போடலாம்ல?

வேண்டாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே எழுதுறேன்.

டேலி இஆர்பி 9 டேட்டா ஃபோல்டரைத் திறந்து பார்த்தீங்கன்னா கம்பெனி.900, மேனேஜர்.900, ட்ரான்எம்ஜிஆர்.900 அப்படின்னு ஃபைல்ங்க இருக்கும் (ஆமா, எம்ஜிஆரே தான், எழுத்துக்கூட்டிப் படிச்சா அப்படித்தான் வருது). ஒரு வவுச்சர் (கணக்கு என்ட்ரி) போட்டா இதுல பல ஃபைல் சேர்ந்து மாறும், எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போனாதான் கணக்கு. சிங்க் சாஃப்ட்வேருக்கு இது தெரியாது. அதுக்கு எல்லாமே தனித்தனி ஃபைல், மாறுனத மாறுன வரிசையில ஒவ்வொண்ணா தூக்கும், நடுவுல நெட் போச்சுன்னா மேல பாதி புதுசு பாதி பழசு, அதை வீட்டு மெஷின் இறக்கும், அங்க உட்கார்ந்து நீங்க இன்னொரு என்ட்ரி போடுவீங்க. முடிஞ்சுது.

நான் நேர்ல பார்த்தது. ஒரு மில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, அக்கவுண்டன்ட் அக்கா ஆபீஸ்ல, ஓனர் வீட்ல. மார்ச் மாசக் கடைசி. காலைல திறந்தா 214 வரைக்கும் இருந்த சேல்ஸ் வவுச்சர் 187ல நிக்குது, ஃபோல்டருக்குள்ள ஒரே பேர்ல ஓனர் லேப்டாப் பேரோட சேர்த்து இன்னொரு ஃபைல், எது உண்மைன்னு சிங்க் சாஃப்ட்வேருக்கும் தெரியல எங்களுக்கும் தெரியல. அந்த அக்கா பில் புக்கை எடுத்து வெச்சு 27 வவுச்சரையும் திரும்பப் போட்டாங்க, ஓனர் ரெண்டு தடவை காஃபி வாங்கிக் கொடுத்தார், வேற என்ன பண்ண முடியும். தப்பு டேலி மேலயும் இல்ல சிங்க் சர்வீஸ் மேலயும் இல்ல, ரெண்டையும் சேர்த்து முடிச்சுப்போட்டது தான் தப்பு.

டேட்டாபேஸ் மாதிரி ஓடுற எதுக்கும் இதே கதைதான். ஆக்சஸ் ஃபைல், போட்டோ எடிட் பண்ற லைட்ரூமோட கேட்டலாக், மெயில் எல்லாம் சேர்த்து வெக்கிற அவுட்லுக்கோட பிஎஸ்டி. பிஎஸ்டி இன்னும் மோசம், ஒரு மெயில் வந்தாலே 20 ஜிபி ஃபைல் "மாறிடுச்சு"ன்னு ஆகும். மாறுன பகுதிய மட்டும் அனுப்புற வசதி டிராப்பாக்ஸ்ல ஆரம்பத்துல இருந்தே உண்டு, ஒன்டிரைவ்ல எல்லா வகை ஃபைலுக்கும் 2020ல தான் வந்துச்சு, கூகுள் டிரைவ் ரொம்ப காலமா முழு ஃபைலையும் மறுபடி ஏத்திட்டு இருந்துச்சு.

வெளியில இருந்து டேலி வேணும்னா கோல்டு லைசென்ஸ் (பல பேர் ஒண்ணா வேலை பார்க்கிறதுக்கானது) வாங்கி ஆபீஸ்ல ஒரே மெஷின்ல டேட்டா வெச்சு ரிமோட்ல உள்ள வாங்க. டேலில இருந்து பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் ஃபைலை மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்க. ஓடிட்டு இருக்கிற டேட்டாவைக் கூடாது.

ஆஃபீஸ் சர்வர்ல ஒருத்தர் எக்செல் திறந்திருந்தா இன்னொருத்தருக்கு "லாக்டு"ன்னு வரும். சிங்க்ல ஏன் வர்றதில்ல?

எக்செல் திறந்ததும் அதே ஃபோல்டர்ல ~$ன்னு ஆரம்பிக்கிற ஒரு குட்டி மறைவு ஃபைல் உருவாகும், "இங்க ஆள் இருக்கு"ன்னு பஸ்ல துண்டு போடுற மாதிரி. ஒரே சர்வர்ல எல்லாரும் இருந்தா துண்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஒன்டிரைவ் இந்த ~$ ஃபைலை சிங்கே பண்ணாது, அப்ப உங்க துண்டு உங்க பஸ்ல மட்டும் தான் இருக்கு, அவர் வேற பஸ்ல அதே சீட்ல உட்கார்ந்திருக்கார். எக்செல், வேர்டுக்கு மட்டும் தப்பிக்க வழி இருக்கு, ஒன்டிரைவ்ல இருந்து அந்த ஆப்லயே திறந்தா ரெண்டு பேரும் ஒண்ணா எடிட் பண்ணலாம், நல்லாவே வேலை செய்யுது.

கேட்காரங்களுக்கு அந்த வழி இல்ல. ஆட்டோகேட் போடுற துண்டு ஃபைல் டிடபிள்யூஎல்னு இருக்கும், அது சிங்க் ஆனாலும் பத்து செகண்டோ ரெண்டு நிமிஷமோ கழிச்சு தான் அடுத்தவர் மெஷினுக்குப் போகும், அதுக்குள்ள அவர் திறந்திருப்பார். சாயங்காலம் ரெண்டு காப்பி இருக்கும், ஒண்ணுல கான்ஃப்ளிக்டட் காப்பின்னு பேர், எந்த டிராயிங் ஒர்க்‌ஷாப்புக்குப் போச்சுன்னு தேடணும். ரெவிட்ல (பில்டிங் டிசைன் சாஃப்ட்வேர்) பல பேர் சேர்ந்து வேலை பார்க்கிற சென்ட்ரல் ஃபைலை இதுல வெக்கிறதைப் பத்தி பேசவே வேண்டாம்.

"பாத் டூ லாங்"னு எர்ரர் வருது, சில ஃபோல்டர் மட்டும் போகவே மாட்டேங்குது?

பழைய விண்டோஸ் கணக்குப்படி டிரைவ் எழுத்துல ஆரம்பிச்சு ஃபைல் பேர் முடியுற வரைக்கும் 260 எழுத்து, இன்னும் நிறைய சாஃப்ட்வேர் அதைத் தாண்டாது. ஒன்டிரைவ் மேல 400 வரைக்கும் விடும். அதுல ஒன்டிரைவ் ஃபோல்டர் பேர்லயே உங்க கம்பெனி பேர் முழுசா உட்கார்ந்துக்கும், "இன்ஜினியரிங் ஒர்க்ஸ் பிரைவேட் லிமிடெட்"னு நீளமா ரெஜிஸ்டர் பண்ணவங்க ஆரம்பத்துலயே 60, 70 இழந்துடுறாங்க.

தமிழ்ல ஃபோல்டர் பேர் வெக்கிறவங்களுக்கு இது கூடுதல் அடி. கோயம்புத்தூர்னு எழுதுனா நம்ம கண்ணுக்கு 7 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 13. புள்ளி, கால், கொம்பு எல்லாத்தையும் தனியா எண்ணும். இன்னொரு வேடிக்கை, "கோ"ல இருக்கிற அந்த ஓகாரக் குறிய யூனிகோடுல (கம்ப்யூட்டர்ல எழுத்து சேமிக்கிற முறை) ஒரே குறியாவும் எழுதலாம், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டாவும் எழுதலாம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பழைய மேக் டிஸ்க் பிரிச்சு ரெண்டா சேமிக்கும், விண்டோஸ் ஒண்ணாவே வெச்சுக்கும். அதனால மேக்ல இருந்து வந்த "கோயம்புத்தூர்", விண்டோஸ்ல டைப் பண்ண "கோயம்புத்தூர்", ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தனி ஃபோல்டரா நிக்கலாம். இந்த மாதிரி ஒரு கேஸ்ல பாதி நாள் மண்டைய உடைச்சுக்கிட்டேன், வைரஸ்னு நினைச்சு ஸ்கேன் எல்லாம் போட்டேன்.

மத்தபடி * ? | < > மாதிரி குறிகள், கடைசியில புள்ளி வெச்ச "அண்ட் கோ." ஃபோல்டர், இதெல்லாம் மேக்ல ஓடும், விண்டோஸ்ல மாட்டும். தேதிய 12/04ன்னு பேர்ல போடாதீங்க, 12-04ன்னு போடுங்க.

எல்லாம் கிளவுடுல இருக்கு, தனியா பேக்கப் எதுக்கு?

நீங்க அழிச்சா அங்கயும் அழியும். அதுதானே சிங்க். லேப்டாப்ல இடம் இல்லைன்னு ஒரு ஸ்டாஃப் தம்பி "கிளவுடுலதான் இருக்கே"ன்னு லோக்கல் காப்பிய மட்டும் அழிக்கிறதா நினைச்சு 2018 வரைக்குமான ஃபோல்டர்களை ஷிஃப்ட் டிலீட் போட்டான், அஞ்சு மெஷின்லயும் காணாமப் போச்சு. நல்ல வேளையா மறுநாளே பார்த்துட்டாங்க.

நாலு மாசம் கழிச்சு பார்த்திருந்தா? கூகுள் டிராஷ்ல 30 நாள், பர்சனல் ஒன்டிரைவ்ல 30 நாள், ஆபீஸ் அக்கவுண்ட் ஒன்டிரைவ்ல 93 நாள், டிராப்பாக்ஸ்ல சாதா பிளானுக்கு 30, பிசினஸ்ல 180. ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு ஃபைலை வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறப்பாங்க, அப்ப இந்த நாள் கணக்கெல்லாம் எதுக்காகும்.

ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டு காசு கேட்கிற வைரஸ்) வந்தாலும் இதே தான், அது ஃபைலைப் பூட்டுனா சிங்க் சாஃப்ட்வேருக்கு அது "புது வெர்ஷன்", பொறுப்பா மேல ஏத்தும். பழைய வெர்ஷனுக்கு மொத்தமா திருப்புற வசதி ஒன்டிரைவ்லயும் டிராப்பாக்ஸ்லயும் இருக்கு, சரியான நேரத்துல கண்டுபிடிச்சா பிழைக்கலாம். சர்வீஸ் பக்கமே தப்பு நடக்கவும் வாய்ப்பு இருக்கு, 2023 நவம்பர்ல கூகுள் டிரைவ் டெஸ்க்டாப் ஆப்ல சிலருக்கு ஃபைல் காணாமப் போய் அதை மீட்க தனியா ஒரு டூலே கூகுள் விட வேண்டி வந்துச்சு.

"ஆன்லைன் ஒன்லி"ல போட்டா டிஸ்க் இடமும் மிச்சம், ஃபைலும் தெரியுது. அதுல என்ன குறை?

பேர் தெரியுதே தவிர ஃபைல் மெஷின்ல இல்ல, கிளவுடுல மட்டும் தான் இருக்கு. நெட் போனா மேகம் ஐகான் மட்டும் தான் மிச்சம். பழைய ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு காப்பி போட்டா ஒவ்வொண்ணா மேல இருந்து இறங்கி வரும், அதுக்குள்ள சி டிரைவ் நிறைஞ்சு மெஷின் நின்னுடும். வீடியோ எடிட் பண்றவங்க டைம்லைன்ல இழுத்தா ஒவ்வொரு கிளிப்புக்கும் காத்திருக்கணும்.

அன்லிமிடெட் பிளான் ஒண்ணு பிடிச்சுட்டா?

அது இப்ப இல்லங்க. ஒன்டிரைவ் 2015 நவம்பர்ல எடுத்துடுச்சு, ஒரு சிலர் 75 டிபிக்கு மேல கொட்டிட்டாங்கன்னு காரணம் சொன்னாங்க. டிராப்பாக்ஸ் அட்வான்ஸ்டு பிளான்ல "தேவையான அளவு"ன்னு கொடுத்துட்டு இருந்து 2023 ஆகஸ்ட்ல நிறுத்துச்சு, கிரிப்டோ மைனிங் பண்றவங்க, இடத்தை வாங்கி வெளியில விக்கிறவங்க எல்லாம் உள்ள வந்துட்டாங்க. அன்லிமிடெட்னு நம்பி 60 டிபி ஏத்துனவங்க அதை எங்க இறக்கி வெக்கிறதுன்னு தெரியாம நின்னாங்க. ஏத்துறது எளிது, இறக்குறதுக்கும் அதே நெட் லைன் தான்.

வேலைய விட்டுப்போன ஸ்டாஃப் அக்கவுண்ட்டை டிலீட் பண்ணிட்டோம், ஃபைல் எல்லாம்?

கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல (கூகுளோட ஆபீஸ் அக்கவுண்ட்) மை டிரைவ்ல இருக்கிறது அந்த ஆளோட சொத்து, எல்லாருக்கும் ஷேர் பண்ணியிருந்தாலும். அக்கவுண்ட் அழிச்சா 20 நாளுக்குள்ள அட்மின் மீட்கலாம், மைக்ரோசாஃப்ட்ல டீஃபால்ட்டா 30 நாள். அழிக்கிறதுக்கு முன்னாடி ஓனர்ஷிப்பை மாத்துங்க, இல்லைன்னா முதல்ல இருந்தே ஷேர்டு டிரைவ்ல வேலை பாருங்க. கடைசி நாள் கேக் வெட்டுறதுக்கு முன்னாடி இதை முடிச்சுடுங்க.

சட்டப்படி ஏதாவது இருக்கா?

பிரைவேட் லிமிடெட் கம்பெனின்னா இருக்கு. 2022 ஆகஸ்ட்ல கம்பெனிகள் கணக்கு விதிகளைத் திருத்துனாங்க, எலக்ட்ரானிக் கணக்குப் புத்தகத்தோட பேக்கப் தினமும் இந்தியாவுக்குள்ள இருக்கிற சர்வர்ல இருக்கணும். முன்னாடி "அவ்வப்போது"ன்னு இருந்ததைத்தான் தினமும்னு ஆக்குனாங்க. உங்க கிளவுடு எந்த ஊர்ல வெக்குதுன்னு தெரியலைன்னா ஆபீஸ்லயே ஒரு காப்பி வெச்சுடுங்க, முடிஞ்சுது வேலை. உங்க ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சரி, அப்ப என்னதான் பண்றது?

நான் போட்டுக் கொடுக்கிறது இப்படித்தான். ஆபீஸ்ல ஒரு நாஸ் பாக்ஸ் (நெட்வொர்க்ல எல்லாரும் பகிர்ந்துக்கிற டிஸ்க் பெட்டி), சைனாலஜியோ கியூநாப்போ, காசு இல்லைன்னா பழைய பிசில ரெண்டு டிஸ்க். கிகாபிட் லேன் கேபிள், வைஃபை இல்ல. 2 ஜிபி டிராயிங் அதுல 20 செகண்ட்ல திறக்கும், அதையே 40 எம்பிபிஎஸ்ல மேல ஏத்துனா ஏழு நிமிஷம். லாக் ஒழுங்கா வேலை செய்யும். வெளியில இருந்து வர்றவங்களுக்கு விபிஎன் (நெட் வழியா ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற பாதுகாப்பான வழி). ராத்திரில நாஸ்ல இருந்து ஆர்குளோன் (rclone) மாதிரி ஒரு காப்பி டூல் வெச்சு கிளவுடு ஸ்டோரேஜுக்கு ஒருவழிப் பேக்கப், பழைய வெர்ஷனோட. வாரத்துக்கு ஒரு தடவை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து கழட்டி பீரோவுக்குள்ள வெச்சுடணும், கழட்டணும்ங்கிறது முக்கியம், மாட்டியே வெச்சா ரான்சம்வேர் அதையும் சேர்த்து சாப்பிடும்.

சிங்க் சர்வீஸை விட்டுட வேண்டாம். இந்த வருஷம் ஓடுற கொட்டேஷன், லெட்டர், கஸ்டமருக்கு அனுப்புற பிடிஎஃப், போன்ல பார்க்க வேண்டியது, இதுக்கெல்லாம் அதை அடிச்சுக்க ஆளே இல்ல. முடிஞ்ச வருஷத்து ஃபைலை மூட்டை கட்டி ஜிப் போட்டு வெளிய எடுத்துடுங்க, ஃபைல் எண்ணிக்கை தானா குறையும். அந்த 11 லட்சம் ஆடிட்டர் ஆபீஸ்ல இப்ப சிங்க்ல இருக்கிறது 40 ஆயிரத்துச் சொச்சம்.

எங்க ஆபீஸ்ல மூணே பேர், வேர்டும் எக்செல்லும் தான். எங்களுக்கும் நாஸ் வேணுமா?

வேண்டாம். இருக்கிறதே போதும். அந்தப் பீரோ டிஸ்க் மட்டும் வாங்கிடுங்க.

சாயங்காலம் மெஷின் ஆஃப் பண்றதுக்கு முன்னாடி எல்லாம் மேல போயிடுச்சான்னு எப்படி பார்க்கிறது?

கீழ வலது மூலையில இருக்கிற ஐகானைத் திறந்து பாருங்க, சுத்திட்டு இருந்தா விடுங்க, ஓடட்டும். பச்சை டிக் வந்தாலும் நம்பாம, கடைசியா சேவ் பண்ண ஃபைலை போன்ல மொபைல் டேட்டால திறந்து பார்க்கச் சொல்வேன். அந்த மில் ஸ்பேர் பார்ட்ஸ் அக்கா இப்ப தினமும் ஆறு மணிக்கு பேக்கப் ஃபைலோட நேரத்தை போன்ல பார்த்துட்டு, பில் புக்ல அன்னிக்குக் கடைசி நம்பருக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு டிக் போட்டுட்டுதான் பைய எடுக்கிறாங்க.